அடிபடாத இறக்கையும் நின்றது

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கமாட்டேன். நேற்றுக் காலைதான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று தெரிகிறது. போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இது உன்னிடம் மட்டும் நான் சொன்ன பொய் இல்லை, ஊரில் நாலு பேர் நடுவில் சொன்ன பொய். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே உண்மையையும் சொல்லவேண்டும் என்று, எங்கள் மகளிர் குழுக்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை அச்சடிக்கும் இதழில் இதைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடமாக அவர்களுக்குத் தீர்மான நோட்டு எழுதிக் கொடுக்கிறவள், எனக்கு இரண்டு பக்கம் தரமாட்டார்களா? பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போடாவிட்டால் என்ன, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது யார் வீட்டுக் கதை என்று பாதியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மீன் கழுவின விரல் பட்டால் இந்தப் போன் எடுக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசி முடிக்கும்வரை நான் மீனைத் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியாது. அன்றைக்கும் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். "அம்மா, இங்க அஞ்சு வருசத்துக்கு வேல தரேன்றாங்க. எனக்குன்னு தனியா ஒரு ஆய்வுக்கூடம், எங்கூட நாலு பேரு. நான் வேணாம்னு சொல்லிடப் போறேன். ஊருக்கே வந்துடறேன்மா. நைனாவுக்கு வயசாயிடுச்சி. அந்தக் கைய வெச்சிக்கினு அவரு இன்னும் எத்தினி நாளு தண்ணில நிப்பாரு?" என்றாய். இந்த மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னாய். "உன் இஷ்டம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

போனை வைத்த பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின் அறையில் கிடந்த பழைய வலை, மிதவை, ஓட்டை வாளி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். சுவரில் உப்புப் பூத்துப் போயிருந்தது, சுரண்டி வெள்ளையடிக்க ஆள் சொன்னேன். எதிர்வீட்டுக்காரியிடம் போய், கேட்காமலே, "எம்புள்ள வரான்" என்றேன். "எத்தினி நாளைக்கி?" என்று கேட்டாள். "வரான்டி, வந்துடறான்" என்றேன். நீ வெளிநாடு போன எட்டு வருடத்தில் மூன்று தடவை வந்திருக்கிறாய், ஒவ்வொரு தடவையும் வந்த மறுநாளே நீ திரும்பிப் போகிற நாளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதே உன்னைத் தேடுகிற மாதிரி இருக்கும். உங்கள் ஊரில் பனி கொட்டுமா, வெயில் அடிக்குமா என்று போனில் தினமும் பார்த்துவிட்டுத்தான் நம் ஊரில் மேகத்தைப் பார்க்கிறேன். இத்தனை ஆசையை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அன்றைக்கு மத்தியானம் உன் நைனா வாசலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "யாருக்காக வரானாம்?" என்றார். "உனக்காகத்தான், வேற யாருக்காக?" என்றேன். வலையில் ஒரு சிக்கலை எடுத்து முடித்தார். பிறகு, "எனக்காகன்னா வர வாணாம்னு சொல்லு. இன்னாத்துக்கு வாணான்றேன்னு உனக்கே தெரியும்" என்றார். பதினாறு வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். கோபம் வந்தால் நான் பாத்திரத்தை உருட்டுவேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது கோபம் இல்லை.

நீ இந்தப் படிப்புக்குப் போனதே நைனாவின் கையால்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில், இரண்டு விரலை எடுத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது. இன்னும் இறக்கை முளைக்காத இளசு. நீ தரையில் குனிந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நைனா, இங்க பாரேன். ஒரு காலு மட்டும் வெளுப்பா, குட்டையாக் கீது. ஒடிஞ்சி புச்சா வளந்துருக்குது" என்றாய். நைனா எட்டிப் பார்க்கக் கழுத்தைத் தூக்கினார். நான் செருப்பைக் கழற்றி ஒரே அடி. ஆஸ்பத்திரியில் கரப்பானைக் கண்டால் வேறு என்ன செய்வார்கள்? நீ நசுங்கிப் போனதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய், பதினெட்டு வயதுப் பையன், கண்ணில் தண்ணீர். அப்புறம் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மாவிடம், "பூச்சிக்கு வளருதே, மனுசனுக்கு ஏன் வளர்ல?" என்று கேட்டாய். அந்தம்மா, "அத நீ படிச்சிட்டு வந்து எங்களுக்குச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டது. நீ மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனை வருடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. கிண்டல்தான் செய்திருக்கிறேன். அழுகின வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈயை நான் இங்கே முந்தானையால் விரட்டுகிறேன், நீ அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே சோறு போட்டு வளர்க்கிறாய் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நைனா சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் நேற்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன், "கண்ணு, நீ இன்னாதான் பண்ற? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு" என்று. உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு, பொடிசைப் பெரிசாக்கிக் காட்டும் கண்ணாடிக் கருவிக்குப் பக்கத்தில் ஓடினாய். பச்சையாக மின்னுகிற ஏதோ ஒன்றைக் காட்டினாய். "இது ஈயாகறதுக்கு முன்னாடி இருக்கற புழும்மா. இதுக்கு ரெக்கை கெடையாது. ஆனா பின்னால ரெக்கையாகப் போற துண்டு உள்ளயே மடிச்சி வெச்சிக்கும், வலப்பக்கம் ஒண்ணு, எடப்பக்கம் ஒண்ணு. நாங்க ஒரு பக்கத்துல கொஞ்சூண்டு உயிரணுவ சாக வுட்டுட்டு, மிச்சம் இன்னா பண்ணுதுன்னு பாப்போம்" என்றாய். பாவம்டா என்றேன். "நீ கரப்பான செருப்பால அடிச்சவ" என்றாய். உனக்கும் ஞாபகம் இருக்கிறது.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். காயம் பட்டதும் அந்த இடத்திலிருந்து முதலில் ஒரு சரக்கு கசிகிறது. நைனாவுக்குக் கட்டு மாற்றும்போது புண்ணில் ஊற்றினால் புசுபுசு என்று வெள்ளையாக நுரைக்குமே, அந்த மருந்தும் இதுவும் ஒன்றுதானாம். அதை உடம்பே கொஞ்சமாகத் தயாரித்துக்கொள்கிறதாம். அது பட்டதும் பக்கத்தில் இருக்கும் நல்ல உயிரணு விழித்துக்கொள்கிறது, உள்ளுக்குள் ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்புகிறது. சாகப் போகிற உயிரணு சும்மா சாவதில்லை. போகும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு, என் இடத்தை நிரப்பு, நீ ஒன்று இரண்டாகு என்று சேதி கொடுத்துவிட்டுத்தான் போகிறது. பக்கத்தில் இருப்பது, நான் இன்ன வேலைக்கென்று பிறந்தவன் என்கிற வீம்பைக் கொஞ்சம் விட்டுவிட்டு, மறுபடி குழந்தை மாதிரியாகிப் பெருகுகிறது. இழந்த இடம் நிரம்புகிறது. இதுவரை எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீடு உலை வைப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் நீ சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. "பக்கத்துல மட்டும் சேதி போனா பத்தாதும்மா. அந்தப் புழு ஈயாக மாற ஒரு நேரம் இருக்குது. ரெக்கை வளந்து முடியறதுக்குள்ள மாறிட்டா, குறை ரெக்கையோடதான் வெளிய வரும். அதனால காயம் பட்ட எடம் ரத்தத்துல ஒரு சேதிய அனுப்பும், மூளை வரைக்கும் போவும். நில்லு, இப்போ ஈயா மாறாதன்னு. மூளை, மாறுறதுக்கான சரக்க வுடாம புடிச்சி வெச்சிக்கும். மொத்த ஒடம்பும் காத்துக்கினு இருக்கும். அடிபடாத ரெக்கை இருக்குது பாரு, அதுவும் வளர்றத கொறச்சிக்கினு அடிபட்ட ரெக்கைக்காக நிக்கும்." நான் அந்த அடிபடாத இறக்கையைப் பற்றி மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாய். "அப்பால யாரு வந்து போதும், இனிமே போன்னு சொல்றது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லமாட்டாங்கம்மா. காயம் ஆறிட்டா அந்தச் சேதி வர்றது அடங்கிடும். அவ்ளோதான். ஒடம்பு தானா கெளம்பிடும்" என்றாய்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா? "காயமே இல்லாத புழுவுக்கு அந்தச் சேதிய மட்டும் பொய்யாக் குடுத்தா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். நீ அசந்துபோய், "அம்மா, இது நாங்க செஞ்சி பாக்கற சோதனம்மா! எப்டிம்மா கேட்ட?" என்றாய். "நிக்கும்மா. ஒரு காயமும் இருக்காது, ஆனா நாள்கணக்குல நிக்கும். புழுவாவே தின்னு தின்னு பெருத்துக்கினு கெடக்கும்" என்றாய். உலை பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் உலையே வைக்கவில்லை, தம்பி. அப்படி ஒரு பொய்ச் சேதியை மூன்று வருடம் உனக்குக் கொடுத்தவள் நான், அதனால்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும் என்று, பட்டியலில் பெயர் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சீட்டுப் போட்டு முறை பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு அன்றைக்கு அந்த இடம் உனக்கு மட்டும். விட்டால் விட்டதுதான், மறுபடி வரிசை சுற்றிவர நாளாகும். காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதையும் அது கேட்காது. சீட்டுப் போடுகிற நாளில் வீட்டிலிருந்து ஓர் ஆம்பளை கோயில் மண்டபத்தில் நேரில் போய் உட்காரவும் வேண்டும், உட்காராத வீட்டின் பெயர் அந்த வருடம் கிடையாது. இதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாட்டை விடுவது என்பது கையில் வந்த பிள்ளையைக் கீழே போடுவது மாதிரி. அது நியாயம் என்று சொல்லவரவில்லை. என் புத்தி அப்படி ஓடியது என்று சொல்கிறேன்.

நைனாவின் வலது கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கெளுத்தி முள் ஏறியது ஒரு திங்கட்கிழமை. வெந்நீரில் கையை வைத்தார், நான் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்துக் கட்டினேன். புதன்கிழமை கை புஸ்ஸென்று வீங்கியிருந்தது. அன்றைக்கு நம் பாடு, அமாவாசைத் தண்ணீர், இறால் நன்றாக ஓடும். விடிந்ததும் அவர் உன்னிடம், "கையி ரொம்ப வீங்கிக்கீது. இன்னிக்கி நீ போறியா?" என்று கேட்டார். நீ, "நைனா, இன்னிக்குத்தான் காலேஜுல வரச்சொல்லிக்கிறாங்க. இன்னிக்கி ஒரு நாளு நீயே போயேன்" என்றாய். சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை நீ பதினாறு வருடமாகத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ குடித்திருந்த ஒரு தடவை, அது நடந்த மூன்றாம் வருடம் பொங்கலுக்கு, அதையே சொல்லி அழுதாய். அப்போதும் நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

பஸ் போன பிறகு நடந்தது இது. நைனா அதிக நேரம் யோசிக்கவே இல்லை. "நான் போவல. பாட்ட வுட்டுடலாம். பொன்னேரி போயி கையக் காட்டிக்கினு வந்துடறேன்" என்றார். வெள்ளைச் சட்டையை எடுத்து இடது கையை நுழைத்துவிட்டு, வலது கையை நுழைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய் அந்தச் சட்டையைக் கழற்றினேன். "பாட்ட வுடறதா? போன தபாவே மழைல பூட்ச்சி. இத்தயும் வுட்டுட்டு இன்னா பண்ணுவ? மூணு மணி நேரம், வந்துட்டு ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். "வலி தாங்கலடி" என்றார். அவர் வலி என்று சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "முள்ளு குத்தாத மீன்காரன் எங்க கீறான்?" என்றேன். சொன்ன வாய் இதுதான். தண்ணீர் படக்கூடாது என்று கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, வலைக் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மூன்று மணி நேரம் என்று நான் சொன்னது ஏழு மணி நேரம் ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது கை கறுத்திருந்தது, காய்ச்சலில் பேச்சு குழறியது. நீ கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தோடு பொழுது சாயும் நேரம் வீட்டுக்குள் நுழைந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படி இறுக்கிக் கட்டினது?" என்று கேட்டார். "அவரே கட்டிக்கினாரு சார்" என்றேன். ஒரு கையால் தன் மணிக்கட்டில் யாராவது நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடமுடியுமா? டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த நீ மட்டும் நம்பினாய். மறுநாள் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். "புள்ள போவ முடியாதுன்னுட்டான், இவரே கெளம்பிட்டாரு. நான் சொன்னா கேக்கற ஆளா?" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். நீ காப்பி பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கே, அந்த நிமிடமே, அப்படி இல்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பயத்தில் சொன்ன பொய்யை மன்னித்துவிடலாம். அதற்குப் பிறகு நான் செய்ததற்குப் பயம் காரணமில்லை. நீ கல்லூரிக்குப் போகவில்லை என்றாய், நைனாவின் இடத்தில் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தாய், மூன்று வருடம் ஏரியில் நின்றாய். உன் காலில் சேற்றுப்புண் வந்தது, உன்னோடு படித்த பையன்கள் விடுமுறைக்கு வந்து போனார்கள், நீ ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தினமும் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். தம்பி, எனக்கு அந்த மூன்று வருடமும் பண்டிகை மாதிரி இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. உண்மையைச் சொன்னால் நீ மறுநாளே பஸ் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்கவும் இல்லை. நீ எப்போதாவது புத்தகத்தை எடுத்தால், "நைனாவுக்கு இன்னிக்குக் கையி ரொம்ப வலி" என்பேன். அவர் கை ஆறி வருடமாகியிருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. நாம் பார்க்காத நேரத்தில் இடது கையால் முடிச்சுப் போடப் பழகியிருக்கிறார், வலக்கையில் மிஞ்சின மூன்று விரலால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறார். நான்காம் வருடச் சீட்டு அன்றைக்கு நீ குளித்துவிட்டு வருவதற்குள் மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நீ ஓடிப்போய்க் கூப்பிட்டதற்கு, "எம் பேரு, நான் ஒக்காந்துக்கிறேன். நீ உன் எடத்துக்குப் போ" என்றார். அப்படித்தான் இருபத்தோரு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போய் நீ முதல் வருடம் சேர்ந்தாய். உன்னை அனுப்பிவைத்தது அவர். நான் அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

நேற்று உன் போனை வைத்த பிறகு அவரிடம் கேட்டேன், "இத்தினி வருசமா நீ ஏன் அவங்கிட்ட சொல்லல?" என்று. "சொன்னா உன்ன வெறுத்துடுவான். புள்ளைக்கு அம்மா இல்லாம பூடும். போனது ரெண்டு வெரலுதானே" என்றார். எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்து அழுதேன். அழட்டும் என்று விட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "எழுதறதுன்னா முழுசா எழுது. என்ன நல்லவனாக்கி எழுதாத, எனக்கும் அன்னிக்கி பாட்ட வுட மனசில்ல" என்றார். அவர் சொன்னபடி அதையும் எழுதிவிட்டேன். ஆனால் அவர் சட்டையைக் கழற்றியது நான்தான்.

ஆக, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ போகமாட்டேன் என்று சொன்னதால் அல்ல, நான் அனுப்பியதால்தான் அவர் போனார். அந்தக் கைக்காக நீ எதையும் ஈடு செய்யவேண்டியதில்லை, அப்போதும் வேண்டியிருக்கவில்லை. ஊரில் இன்னும் யாராவது உன்னைப் பார்த்து, அன்றைக்கு நீ போயிருந்தால் என்று இழுத்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையில் கொடு. மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டிய பதிலை உன் மனதைக் கேட்டுச் சொல். அந்த வேலையை எடுத்துக்கொண்டால், உன்னோடு வேலை செய்யப்போகும் அந்த நாலு பேரும் ஏதாவது உடைத்துவிட்டு உன் முன்னால் வந்து நின்றால், முதலில் கத்தாதே. கத்துகிறவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும், நானே கத்துகிறவள். நீ தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கும். சாப்பாட்டைத் தள்ளாதே. யாரையாவது பிடித்திருந்தால் எங்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே.

புழுவுக்கும் ஒரு வயது உண்டு, அதைத் தாண்டிவிட்டால் காயம் பட்டாலும் அந்தச் சேதி கிளம்பாது, துண்டும் வளராது, உடம்பும் காத்திருக்காது என்று நேற்று நடுவில் சொன்னாய். எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. நான் உடைத்ததை ஒட்டவைக்க இனி காலம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என்னை வெறுக்கலாம். பல நாள் பேசாமல் இருக்கலாம், இரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மீனைத் தொடாமல் உட்கார்ந்திருப்பேன், அது என் பழக்கம், அதற்காக நீ பேசவேண்டும் என்றில்லை. பின் அறைக்கு வெள்ளையடித்து முடித்தாகிவிட்டது, அதில் இறால் கூடை வைத்துக்கொள்கிறோம்.

நைனாவுக்காக வராதே. அவர் கை ஆறிவிட்டது. அவருக்காகவே வருகிறாய், அவருக்காகவே பணம் அனுப்புகிறாய், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கையைத்தான் பிடித்துப் பார்க்கிறாய். நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட, சும்மா, அம்மாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது என்று நீ வந்ததில்லை. உன் மனதில் அதற்கு இடமில்லாமல் அந்தக் குற்றத்தைக் கொண்டுபோய் நிரப்பி வைத்தவள் நான்தான். இப்போது அதை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே கிடந்தாலும் கிடக்கட்டும். ஆனால் என்றைக்காவது ஒரு நாள், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண நாளில், அம்மாவைப் பார்க்கத் தோன்றினால், வா.

அம்மா